சக்கரவர்த்திக்கும் மாசிலாமணிக்கும் நடந்த பல் வழக்கு

1. ஒரே ஜட்காவில் வந்தவர்கள்

வேலூரில் நான் ப்ளீடர் என்று பலகை மாட்டி, அந்தப் பலகையின் பெயிண்ட் உதிர ஆரம்பித்திருந்த காலம். ஒரு நாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. முதலில் இறங்கியவர் வெள்ளை ஜிப்பாவும் கட்டம் போட்ட லுங்கியுமாக இருந்தார். வாயை ஒரு துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் திரும்பி நின்று கை கொடுக்க, ஒல்லியாக உயரமாக ஒருவன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் சோற்று மூட்டையோடு ஒரு பெண் இறங்கினாள். மூவரும் ஆம்பூரிலிருந்து காட்பாடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஜட்கா பிடித்திருக்கிறார்கள்.

யார் மேல் கேஸ் என்று கேட்டேன். ஒல்லியானவன் கையைத் தூக்கினான். கேஸ் கொடுத்தது யார் என்று கேட்டேன். துண்டுக்காரர் கையைத் தூக்கினார். சரி, இரண்டு பேரில் யாருக்கு நான் வக்கீல் என்று கேட்டேன். துண்டுக்காரர் தன் கையை இறக்காமலே மறு கையால் ஒல்லியானவனைக் காட்டினார். என் ஃபீஸைக் கொடுக்கப்போவதும் துண்டுக்காரர்தான் என்று தெரிந்தபோது, இவர்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைத்து என் வீட்டுக்கு வந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

துண்டுக்காரரின் பெயர் கரீம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் பெயர். ஒல்லியானவன் மாசிலாமணி, அதே ஷாப்பில் கத்தி வேலை செய்பவன். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை ஒரு வளைந்த கட்டையில் போர்த்தி, இரண்டு பக்கமும் மரப்பிடி வைத்த நீளக் கத்தியால் சதையைச் சீவி எடுப்பதுதான் கத்தி வேலை. அந்தப் பெண் மாசிலாமணியின் மனைவி ரூத்து, அங்கேயே ஆவாரம்பட்டை இடிக்கிறவள். அவள்தான் அந்த மூவரில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கத் தெரிந்தவள். ஆகவே கதையை அவளிடமே கேட்டேன்.

நடந்தது இதுதான். பதனிட்ட தோலில் பட்டைச் சாறு உள்வரை ஏறியிருக்கிறதா என்று பார்க்க, மற்ற ஷாப்புகளில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி நிறத்தைப் பார்ப்பார்கள். கரீம் மேஸ்திரி வெட்ட மாட்டார். ஓரத்தை முன்பல்லால் ஒரு கடி கடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு தீர்ப்புச் சொல்வார். அவர் கடித்துப் பார்த்து ‘சரி’ என்றால் சரக்கு மதராஸுக்குப் போகும், ‘ஊஹும்’ என்றால் மறுபடி குழிக்குப் போகும். ஆம்பூரில் அந்தக் கடிக்கு அவ்வளவு மரியாதை. பக்கத்து ஷாப்காரர்கள்கூட வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்களாம்.

அன்றைக்கு ஒரு கட்டுத் தோலைக் கடித்துப் பார்த்துவிட்டு, சதை சரியாக எடுக்காததால்தான் பட்டை ஏறவில்லை என்று மாசிலாமணியை எல்லோர் முன்னாலும் பேசிவிட்டார். மாசிலாமணி கட்டையில் குனிந்து சீவிக்கொண்டிருந்தவன், கத்தியும் கையுமாகத் திரும்பினான். கடித்துப் பார்த்தே கத்தி வேலையைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கினான். கத்தியின் மரப்பிடி மேஸ்திரியின் வாயில் பட்டது. உதடு கிழிந்து ரத்தம். முன்பல் ஒன்று போய்விட்டது.

மேஸ்திரி அந்தக் கோபத்திலேயே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். மறுநாள் கோபம் தணிந்துவிட்டது. கோபம் தணிந்தவுடன் அவர் செய்த காரியம், ஸ்டேஷனுக்குப் போய் மாசிலாமணிக்குத் தானே ஜாமீன் நின்றது. கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ‘எதிரி’ என்று பெயர். எதிரிக்குப் புகார்காரரே ஜாமீன் நிற்பதைப் பார்த்து ஹெட் கான்ஸ்டபிள் தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டாராம். அதற்கு மேல் மேஸ்திரி, தான் கொடுத்த புகாரைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். கொடுத்த சாமானைத் திருப்பி வாங்க இதென்ன மளிகைக் கடையா என்று ஹெட் கான்ஸ்டபிள் விரட்டிவிட்டார்.

2. ராஜாவுக்கு என்ன சண்டை

சார்ஜ் ஷீட் நகலை வாங்கிப் பார்த்தேன். இந்தியன் பீனல் கோடு 326-வது செக்‌ஷன். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தல். எனக்குச் சுருக்கென்றது.

இளம் வக்கீல்களே, இதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். படித்ததை மறந்தும் இருப்பீர்கள். ஆகவே சொல்கிறேன். சட்டத்தில் காயம் இரண்டு வகை. சாதாரணக் காயம் ஒன்று, கொடுங்காயம் ஒன்று. எது கொடுங்காயம் என்று ஒரு பட்டியல் உண்டு. கண் போவது, காது போவது, இப்படி வரிசையாக வரும். அதில் எலும்போ பல்லோ முறிவதும் இடம் பெயர்வதும் சேர்த்தி. உதடு தையல் போடும்படி கிழிந்தால்கூட அது சாதாரணக் காயம்தான். ஒற்றைப் பல் போனால் கொடுங்காயம். சட்டம் எழுதிய துரைக்குப் பல் வலி அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

பட்டது மரப்பிடிதான் என்றாலும் போலீஸ் கணக்கில் மாசிலாமணி கையில் கத்தி இருந்தது, மேஸ்திரியின் பல் போனது. இரண்டும் சேர்ந்தால் 326. எங்கள் மாஜிஸ்திரேட்டால் இரண்டு வருஷம் வரை உள்ளே போட முடியும். மாசிலாமணிக்கு அதற்கு முன் ஸ்டேஷன் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூடத் தெரியாது. இரண்டு சின்னக் குழந்தைகள். ரூத்து பட்டை இடித்துக் கொண்டுவருவதில் அடுப்பு எரியலாம், உலையில் போட அரிசி இருக்காது.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் கரீம் மேஸ்திரி, துண்டுக்குள்ளிருந்தே, தாங்கள் ராஜி ஆகிவிட்டதாகவும், ஷாப்பில் எல்லோருக்கும் பிரியாணி போட்டாகிவிட்டது என்றும், ஒரே தட்டில் சாப்பிட்டாகிவிட்டது என்றும், ஆகவே கேஸ் முடிந்தது என்றும் அறிவித்தார். கோர்ட்டில் போய் அதைச் சொல்வதற்குத்தான் நான் வேண்டுமாம்.

நான் சார்ஜ் ஷீட்டை எடுத்து, மேலே எழுதியிருந்த வழக்கின் தலைப்பைப் படித்துக் காட்டினேன். சக்கரவர்த்தி எதிர் மாசிலாமணி. கரீம் என்ற பெயர் தலைப்பில் எங்குமே இல்லை. அவர் வெறும் முதல் சாட்சி.

“ராஜாவுக்கும் மாசிக்கும் இன்னா சாப் சண்டை? என் பல்லுதானே போச்சு, ராஜா பல்லா போச்சு?” என்றார் மேஸ்திரி.

சிரிக்காதீர்கள். எனக்கு அன்று பதில் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. நிலத் தகராறு, கடன் தகராறு என்றால் அது உங்கள் இரண்டு பேர் சமாசாரம், நீங்கள் கை குலுக்கிக்கொண்டால் கோர்ட்டுக்கு வேலையில்லை என்றேன். அடிதடி, திருட்டு அப்படியில்லை. ஊரில் ஒருவனை ஒருவன் அடித்தால் ஊருக்கே அது கெடுதல் என்று சர்க்கார் அதைத் தன் வழக்காக எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட பிறகு நீங்கள் பிரியாணி போட்டாலும் சர்க்கார் சாப்பிடாது. சின்னக் குற்றங்களில் சமாதானம் ஆனால் கோர்ட்டே ஒப்புக்கொள்ளும். அதற்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 324 இருக்கிறது, அதாவது ஆயுதத்தால் சாதாரணக் காயம். கோர்ட் அனுமதி கொடுத்தால் ராஜி ஆகலாம். 326 பட்டியலில் கிடையாது. பல் போனதால் வழி அடைபட்டுவிட்டது.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். பிறகு, சுண்ணாம்புக் குழி ஓரத்தில் வழுக்கி விழுந்து தன் பல் தானே போனதாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் சொன்னேன், அப்படிச் சொன்னால் மாசிலாமணியை விட்டுவிட்டு உங்களைப் பிடிப்பார்கள். போலீஸில் ஒன்று சொல்லி, சத்தியம் செய்து கோர்ட்டில் இன்னொன்று சொன்னதற்கு வேறு செக்‌ஷன் இருக்கிறது. ஒரே ஜட்காவில் வந்தவர்கள் ஒரே ஜெயிலுக்கும் போகலாம். தொரப்பாடி ஜெயில் இங்கிருந்து பக்கம்தான், ஜட்காக் கூலிகூட ஜாஸ்தி ஆகாது.

இவ்வளவு பேச்சிலும் மாசிலாமணி வாயே திறக்கவில்லை. கை தவறிப் பட்டதா என்று கேட்டேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். “கை ஓங்கினது நெசம்யா,” என்றான். அவ்வளவுதான். கட்சிக்காரன் உண்மை பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தனக்குக் கெடுதலான உண்மையாகப் பார்த்துப் பேசுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னால் இயன்ற மட்டும் பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். வக்கீல் அப்படிச் சொன்னால் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம்.

3. துண்டு விலகியது

விசாரணைக்கு முந்தின வாரம் மறுபடி மூவரும் வந்தார்கள். மேஸ்திரி அப்போதும் துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. காற்றுப் பட்டால் வலிக்கிறதாம். காயம் பட்டு மாதக் கணக்காகிவிட்டதே, எந்த ஊர்க் காற்று இவ்வளவு நாள் வலிக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் சாட்சி எப்படிச் சொல்வது, எங்கே நிற்பது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று பாடம் நடத்தினேன். நடுவில் அவர், புகாரைத் திருப்பிக் கேட்கப் போனபோது ஹெட் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்ததை நடித்துக் காட்டினார். இரண்டு கையும் நடிப்பில் இருந்தது. துண்டு நழுவித் தோளில் விழுந்தது. அவரே தன் நடிப்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

மேல் வரிசையில் முன்பல் எல்லாம் இருந்தது. ஒரு சந்துகூட இல்லை.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். துண்டு அவசரமாக மேலே போனது. ரூத்து தரையைப் பார்த்தாள். மாசிலாமணி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தான். அவர்கள் இருவரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, போன பல் எப்படி முளைத்தது என்று மேஸ்திரியைக் கேட்டேன். குழந்தைக்கு முளைக்கும், கிழவனுக்கு முளைத்து நான் பார்த்ததில்லை.

அவர் குரலைத் தாழ்த்தி ஒரு கதையைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் மதராஸிலிருந்து ஒரு கம்பெனி துரை சரக்குப் பார்க்க வந்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு வீறாப்புக்காக, மெல்லிய ஆட்டுத் தோலை விட்டுவிட்டு, காய்ந்த எருமைத் தோலை எடுத்துக் கடித்திருக்கிறார். பல் தோலிலேயே தங்கிவிட்டது. வலியை விழுங்கிக்கொண்டு, வாயை மூடியபடியே தலையை ஆட்டி ‘சரி’ என்று காட்டி, துரையை அனுப்பிவைத்துவிட்டு, மாமியார் மவுத்து என்று லீவு சொல்லி மதராஸ் போயிருக்கிறார். அங்கே சீனாக்காரர் ஒருவர் அச்சு அசலாக ஒரு பல் செய்து, கம்பி வைத்துப் பக்கத்துப் பல்லோடு மாட்டிக்கொடுத்தார். மாசிலாமணி ஓங்கிய அன்று கழன்று போனது அந்தப் பல்தான். நல்லவேளையாக ரத்தத்துக்குப் பொத்திய துண்டிலேயே தங்கியிருந்ததாம். வீக்கம் வடிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார். உயிரோடிருந்த மாமியாரைச் சாகடித்த பாவத்துக்கு வந்த தண்டனை என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல் இருந்தது. பொய்ப்பல் பல்லே இல்லை. பல் போகவில்லை என்றால் கொடுங்காயம் இல்லை. 326 இறங்கி 324 ஆகும், ராஜிக்கு வழி திறக்கும். கோர்ட்டில் இதைச் சொல்லிவிடுங்கள், மாசிலாமணி அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

மேஸ்திரியின் முகம் சுருங்கிவிட்டது. “வேற இன்னா வேணா சொல்றேன் வக்கீல் சாப். இதை மட்டும் கேக்காதீங்க. ரெண்டு வருஷமா இந்தப் பல்லுல ஒண்ணும் தெரியாது. கடிக்கிற மாதிரி கடிச்சிட்டு, கட்டை விரல்ல தடவிப் பாத்துதான் சொல்றேன். இது தெரிஞ்சா ஷாப்புல ஒரு பையன் என் பேச்சைக் கேப்பானா?”

நான் சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டுப் பார்த்தேன். கோர்ட்டில் நான் கேட்டே தீருவேன் என்றேன். கேட்டால் அது என் சொந்தப் பல் என்று சொல்லிவிடுவேன் என்றார். அப்படியானால் போன பல் எது என்றேன். துண்டை இழுத்துப் பொத்திக்கொண்டு, அதைச் சொல்ல மாட்டேன் என்றார்.

ஃபீஸ் கொடுப்பவரிடம் இப்படியா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் யார் கொடுத்தாலும், யார் கூண்டில் நிற்கிறானோ அவன்தான் கட்சிக்காரன். மாமனார் கொடுப்பார், முதலாளி கொடுப்பார், சில சமயம் அடிபட்டவரே கொடுப்பார். அவர்களுக்கெல்லாம் வணக்கம் போடலாம், காப்பி கொடுக்கலாம். வேலை செய்ய வேண்டியது கூண்டில் நிற்கிறவனுக்கு.

வெளியே வந்து, பல்லைப் பற்றி மேஸ்திரியைக் கோர்ட்டில் சில கேள்விகள் கேட்கப்போகிறேன் என்று மாசிலாமணியிடம் மட்டும் சொன்னேன். என்ன கேள்வி என்று அவன் கேட்கவில்லை. “அவருக்கு அவமானமா எதும் வேணாங்கய்யா,” என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு வருஷம் கம்பி எண்ணப்போகிறவனுக்கு அடுத்தவன் மானத்தைப் பற்றி என்ன கவலை?

4. வெள்ளிக்கிழமை

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. ஆகவே கத்தி வேலைக்காரர்கள், குழி வேலைக்காரர்கள், பட்டை இடிக்கிற பெண்கள் என்று பாதி ஷாப் ரயிலேறி வந்து கோர்ட்டின் பின்பக்கம் நின்றிருந்தது. மாசிக்கும் மேஸ்திரிக்கும் ஆதரவாக வந்தார்களாம். மேஸ்திரி அவர்களைப் பார்த்ததும் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். நான் என் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மாஜிஸ்திரேட் மூக்குப்பொடி போடுகிற வயதான மனிதர். தும்மல் வரும் வரை காத்திருந்து தும்மிவிட்டுத்தான் அடுத்த வரியை எழுதுவார். சர்க்கார் தரப்பில் நடத்தியவர் போலீஸ் பிராசிக்யூடிங் இன்ஸ்பெக்டர், மிடுக்கான ஆள்.

டாக்டருக்கு வேறு ஊரில் வேலை இருந்ததால் அவரை முதலில் விசாரித்தார்கள். மேல் முன்பல் ஒன்று இல்லை, உதடு கிழிந்திருந்தது என்றார். பல் இருந்த இடத்திலிருந்து ரத்தம் வந்ததா, உதட்டிலிருந்து வந்ததா என்று கேட்டேன். வாய் முழுதும் ரத்தமாக இருந்தது, வீங்கியும் இருந்தது, பிரித்துச் சொல்ல முடியாது என்றார். உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் யோசித்து எதையாவது சொல்லியிருப்பார். உங்கள் வயதில் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டு நான் இழந்த கேஸ்களை எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

அடுத்து மேஸ்திரி கூண்டேறினார். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். சண்டை வந்ததா? வந்தது. எதிரி கையில் கத்தி இருந்ததா? இருந்தது. பல் போனதா? துண்டுக்குள்ளிருந்து “போச்சு” என்று வந்தது.

நான் எழுந்தேன். முதலில் துண்டை எடுத்துவிட்டுப் பதில் சொல்லும்படி கேட்டேன். மாஜிஸ்திரேட்டும் தலையாட்டினார். துண்டு இறங்கியது, உதடுகள் இறுக மூடியிருந்தன.

“மேஸ்திரி, பல் போச்சு என்கிறீர்கள். போன இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு எதிரிக் கூண்டில் நின்ற மாசிலாமணியைப் பார்த்தார். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். என் கட்சிக்காரன், யாருக்காக நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேனோ அந்தப் புண்ணியவான், சாட்சியைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தான். சொல்லாதே, சொல்லாதே என்று.

இத்தனை வருஷத் தொழிலில் எதிர்க்கட்சி வக்கீல் என் கேஸைக் கெடுத்திருக்கிறார், சாட்சி கெடுத்திருக்கிறான், மழைகூடக் கெடுத்திருக்கிறது. எதிரியே கூண்டில் நின்று தன் கேஸைக் கெடுத்தது அன்று ஒரு நாள்தான்.

மேஸ்திரி அந்தத் தலையாட்டலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார்.

“எசமான், இது நம்ம பல்லு இல்லீங்க. காசு குடுத்து வாங்கினது. அன்னிக்கு வுழுந்ததும் இதுதான். என் சொந்தப் பல்லு ரெண்டு வருஷம் முந்தியே எருமைத் தோல்ல போய்ருச்சு. மாசி மேல பல்லுக் கணக்கு எதும் இல்லீங்க.”

சொல்லிவிட்டு வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, கம்பியோடு பல்லைக் கழற்றி, கூண்டின் கட்டை மேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் மட்டும் களுக்கென்று சிரித்தார். பின்னால் நின்ற ஷாப் ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

கோர்ட் குமாஸ்தா அந்தப் பல்லைக் கையால் தொட மாட்டேன் என்று அடம் பிடித்தார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டி ஸ்கேலால் தள்ளி ஏற்றி, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனார். அவர் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, தும்மிவிட்டு, கேஸ் சொத்தாக நம்பர் போட்டார்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. செக்‌ஷன் பல் என்றுதான் சொல்கிறது, வாயில் முளைத்த பல் என்று சொல்லவில்லை, மாட்டிய பல்லும் பல்தான் என்று வாதாடினார். அவருடைய தைரியத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். அப்படியானால் நாளை யாராவது கனம் இன்ஸ்பெக்டரின் மூக்குக் கண்ணாடியை உடைத்தால், கண் போய்விட்டது என்று கேஸ் போடுவாரா என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் தன் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

326 எழுந்து போய் 324 வந்து உட்கார்ந்தது. ராஜிக்கு அனுமதி கேட்டோம், கொடுத்தார். மேஸ்திரி கையெழுத்துப் போட்டார், மாசிலாமணி கட்டை விரல் வைத்தான். ராஜி ஆனால் விடுதலை ஆனதற்குச் சமம், மறுபடி அந்தக் கேஸைக் கிளப்ப முடியாது. எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி பல்லைக் கேட்டார். கேஸ் சொத்தை உடனே கொடுக்க முடியாது, அப்பீல் காலக்கெடு கழிந்ததும் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார் குமாஸ்தா. அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

5. வாசலில்

வெளியே புளிய மரத்தடியில் ரூத்து அழுதுகொண்டும் சோற்று மூட்டையைப் பிரித்துக்கொண்டும் இருந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். மேஸ்திரியைச் சுற்றி ஷாப் ஆட்கள் நின்றார்கள். பட்டை இடிக்கிற ஒரு பெண், உங்க கட்டை விரலு இருக்குதே பாய், அது கோர்ட்டுல மாட்டலியே என்றாள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சந்துப் பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தார். விரலால் தடவிப் பார்ப்பதை அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கவனித்திருப்பார்கள் போலிருக்கிறது. அதற்கப்புறமும் அவர் பல வருஷம் அதே ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தார். கடிப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

நான் மாசிலாமணியைத் தனியாகக் கிணற்றுப் பக்கம் இழுத்துப்போனேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. வக்கீல் கேள்வி கேட்கும்போது தலையை ஆட்டுகிறாயே, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அது பொய்ப்பல் என்று உனக்கு எப்போது தெரியும் என்றும் கேட்டேன்.

“அன்னிக்கேங்கய்யா. அது என் காலண்டதான் வந்து வுழுந்துச்சு, கம்பியோட. யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்து, அவரு துண்டுல வெச்சு மடிச்சு, வாயில பொத்திக்கோ பாய்னு கையில குடுத்தேன்.”

முதல் நாளே என்னிடம் அதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு உண்டா, இரண்டு வருஷம் உள்ளே போயிருப்பாயே என்றேன். போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்தானாம். அவர் பல் விஷயம் வெளியே வந்துவிட்டால் திருப்பி உள்ளே வைக்க முடியாது என்று நினைத்தானாம். கையை ஓங்கினது நான்தானே என்றும் சொன்னான்.

சரி, இப்போதுதான் எல்லாம் வெளியே வந்துவிட்டதே, நீ செய்ததை மேஸ்திரியிடம் நானே போய்ச் சொல்கிறேன், அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று கிளம்பினேன். மாசிலாமணி என் கோட்டைப் பிடித்து நிறுத்தினான். கட்சிக்காரன் வக்கீல் கோட்டைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“சொல்லாதீங்கய்யா. துண்டுலயே தங்கிருச்சு, நான் பாத்தது உங்க வூட்ல துண்டு நழுவினப்போதான்னு அவரு நெனச்சிக்கினு இருக்காரு. மொத நாள்லேந்தே தெரிஞ்சிக்கினு நான் உள்ள போகப் பாத்தேன்னு தெரிஞ்சா, அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்குவாரு?”

நான் சொல்லவில்லை. மேஸ்திரி மவுத்தாகும் வரை அவருக்குத் தெரியாது. மாசிலாமணியும் போய்விட்டான். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். கூண்டில் நிற்கிறவன் பேசாமல் இருந்தால், குற்றம் செய்தவன், அதனால்தான் வாய் வரவில்லை என்று போலீஸ் நினைக்கும். முட்டாள், அதனால்தான் பேசத் தெரியவில்லை என்று வக்கீல் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கேஸுக்குப் பிறகு, யார் வந்தாலும், நீ என்ன செய்தாய் என்று கேட்ட கையோடு, யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்றும் கேட்டுவிடுவேன். பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள், யாருக்காகவும் இல்லை, பயம்தான் என்பார்கள். எப்போதாவது ஒருவன் தலையைக் குனிந்துகொள்வான். அவனுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அவசரப்படாதீர்கள்.